குட்டிப் பூதம் பேசும் பாஷை

“கல்யாணப் பேச்சு முடியறவரைக்கும் நீ வாயத் தொறக்காத” என்று மனைவி டோரதியிடம் சொல்லிவிட்டார் ராயபுரம் வால்டர்.

அண்ணா நகரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அவள் சிரித்தபடி காப்பி மட்டும் கொடுத்தாள்.

அவர்களுடன் வந்த பேத்தி டிவி கார்ட்டூனில் மூழ்கியிருந்தாள். அதில் ஊரைக் காப்பாற்றிய சேட்டைக்காரக் குட்டிப் பூதம், “இன்னா மாமு, பேஜாராயிட்டியா?” என்றது.

“அணைங்க சார். கலீஜ் பாஷை! மானமுள்ளவங்க இப்படிப் பேசுவாங்களா?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

வால்டர் நிமிர்ந்து எழுந்தார். “இது எங்க பாஷை சார். சம்பந்தம் போனாலும் பரவால்ல. டோரதி, பேசு!”

“இன்னா மாமு, பேஜாராயிட்டியா?”

அதே குரல்.

“பூதத்துக்குக் குரல் குடுக்கறதே என் சம்சாரம்தான்.”

பேத்தி ஓடிவந்து டோரதியைக் கட்டிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். “இன்னொரு தடவை பேசச் சொல்லுங்க, சம்பந்தி.”