புலிக் கண்ணில் பொத்தல்

“புலிக்கு மீசை வரையச் சொன்னா, கண்ணையே நோண்டி வெச்சிருக்குதுங்க!”

முதலாளி மயில்சாமி பனியனை விரித்துக் காட்டினார். குழந்தைகள் பனியனில் புலி முகம் பொறிக்கும் லேசர் மெஷின் காலையிலிருந்து பொத்தலாகப் போட்டுத் தள்ளியிருந்தது. நாலு மணிக்குச் சரக்கு வாங்கும் பையர் வருகிறார்.

மெஷின் கம்பெனி இன்ஜினியர் சத்யப்பிரியா, லேசர் பெட்டியில் ஒட்டியிருந்த சீல் ஸ்டிக்கரைக் கிழித்து மேஜையில் போட்டுவிட்டு மூடியைத் திறந்தாள். உள்ளே விரல்நுனி அளவில் ஒரு படிகம்.

“இந்தக் கிறிஸ்டலுக்குக் கரண்ட் குடுத்தா லேசர் வெளிச்சம் திரும்புமுங்க. அத வெச்சுத்தான் வெளிச்சத்த விட்டு விட்டு அடிக்கறோம்.”

“குடுத்தாத்தான் திரும்புமாக்கு? எங்க மச்சான் மாதிரி!” என்றார் மயில்சாமி.

அவள் சிரிக்கவில்லை. சட்டென்று மூடியைக் கவிழ்த்தாள். ஆனால் மயில்சாமி பார்த்துவிட்டார். மூடியின் உட்புறம் மூன்று பட்டைத் திருநீறு! உதிர்ந்த பொடி படிகத்தில் அப்பியிருந்தது.

“தூசி பட்டாலே... வெளிச்சம் நிக்காமக் கசியுமுங்க” என்று முனகினாள்.

எல்லோர் பார்வையும் ஆபரேட்டர் காசிமாயன் மேல் பாய்ந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். வெள்ளிக்கிழமையானால் மெஷின், மின்விசிறி, தீயணைப்பான் என்று ஒன்றுவிடாமல் பட்டை போட்டுவிடுவான். முதலாளியின் கார் டயருக்கே போட்டவன்.

“மொதலாளி, பேச்சியம்மா சத்தியமா உள்ள நான் கைய வைக்கல!”

“பேசாதே! பையத் தூக்கிட்டு ஊரு போய்ச் சேரு.”

காசிமாயன் தன் மகள் அபிராமியைப் போன வாரம்தான் இங்கே மண்ணரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான். வெளியே பூசிய பாவத்துக்கு உள்ளே பூசிய பழியா?

சத்யப்பிரியா தலை நிமிராமல் படிகத்தைத் துடைத்தாள். மெஷின் ஓடியது. புலிக்குக் கண் வந்தது. மீசையும் முறுக்கிக்கொண்டு வந்தது.

பையை எடுக்கப் போன காசிமாயன், மேஜையில் கிடந்த சீல் ஸ்டிக்கரைப் பார்த்து நின்றான். எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“மொதலாளி, மெஷின் வந்த அன்னைக்கு ஒட்டுன சீலு இது. இன்னைக்குத்தேன் கிழிச்சிருக்கு. அதுல கையெழுத்து... சத்யப்பிரியான்னு இருக்கு.”

மயில்சாமி திரும்பினார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“மன்னிச்சுக்கோங்ணா... தனியா வந்து மாட்டுன மொத மெஷினுங்க. பயமா இருந்துச்சு. மருதமலையான் பாத்துக்குவான்னு நாந்தான் துளியூண்டு பூசுனேனுங்க.”