மூன்றாம் ஓலை

அறையில் இருந்தவர்கள்:

அவள்.

துணைக்கு வந்த பெர்னத்து அத்தை, அப்பாவின் தங்கை.

மறைமாவட்டக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் தஸ்நேவிஸ்.

சுவரில், சட்டங்களுக்குள், இறந்துபோன மேற்றிராணிமார், அந்தக் கால ஆயர்கள்.

அவள் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஓரங்களைப் பூச்சி தின்றிருந்தது. வெள்ளைக்காரச் சாமியார்களின் சாய்ந்த கையெழுத்து. லத்தீன். பிள்ளை பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர் எங்கே வரும் என்று தெரிந்தால் போதும். தெரிந்துகொண்டுதான் வந்திருந்தாள்.

வீட்டில் சொன்னது வேறு. கல்யாணப் பூசையில் பூட்டன் பெயரைச் சொல்ல வேண்டும், சரியாகப் பார்த்து வருகிறேன் என்றாள்.

அப்பா தடுக்கவில்லை. அத்தையைக் கூட அனுப்பினார்.

கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும். வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. மறுநாள் தாலி.

மாப்பிள்ளைக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி எப்படிச் செத்தாள் என்று கேட்டால், அவன் வீட்டில் காப்பி கொண்டுவருகிறார்கள்.

பிடிக்கவில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். அந்த வீட்டில் பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம் இல்லை.

முறை இல்லை என்பது காரணம். முறை தப்பிக் கல்யாணம் செய்தவன் என்று சொந்தத் தம்பியின் வீட்டுப் படியை அப்பா மிதிப்பதில்லை.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலையை மென்றபடி சொன்னார், எங்க அப்பாவும் இந்த ஊருல பொறந்தவருதான், சின்னதுலயே கொழும்புக்குப் போயிட்டாரு என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் மட்டும் அந்தத் தாத்தாவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டாள்.

“ஏட்டி, இன்னும் முடியலியா?” என்றாள் அத்தை. “செத்தவங்க எங்கயும் ஓடிர மாட்டாங்க. வீட்டுல மீனு வெட்டாம கெடக்கு.”

தஸ்நேவிஸ் சிரித்தார்.

கிடைத்தது.

அவளுடைய தாத்தா, அப்பாவின் அப்பா. தகப்பன் குருசுமுத்து, தாய் சந்தனமரியாள்.

சில பக்கங்கள் தள்ளி, மாப்பிள்ளையின் தாத்தா. தகப்பன் குருசுமுத்து, தாய் சந்தனமரியாள்.

அண்ணன் தம்பி.

அப்படியென்றால் மாப்பிள்ளை அவளுக்கு அண்ணன் முறை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். புத்தகத்தை அத்தையின் பக்கம் திருப்பினாள்.

“அத்தை, இங்க பாருங்க. ரெண்டு தாத்தாவுக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா.”

அத்தை பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள்.

தஸ்நேவிஸ்தான் எட்டிப் பார்த்தார். உதவுகிற மனுஷன்.

“அட, இந்தப் பக்கமா? போன மாசம் ஒங்க அப்பா வந்து இதத்தானம்மா பாத்தாவ. நான்தான் வாசிச்சுச் சொன்னேன், கூடப் பொறந்தவங்கன்னு. ரொம்ப நேரம் அந்தப் பெஞ்சுல ஒக்காந்திருந்தாவ. தண்ணி குடுத்தேன், வேண்டாம்னுட்டாவ.”

போன மாதம்.

முதல் ஓலைக்கு முன்பு.

தடை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் கேட்ட இரண்டு ஞாயிறும் அப்பா முன்வரிசையில் இருந்தார். கைகட்டி நின்றார். முழங்காலிட்டார். நாக்கில் நன்மை அப்பம் வாங்கினார்.

அத்தை குரலைத் தாழ்த்தினாள்.

“மூடி வையி. சாமியார்ட்டயும் கேட்டாச்சு. ரெண்டு தலைமொற தாண்டிட்டா திருச்சபையில தடை இல்லன்னுட்டாரு.”

“திருச்சபையில இல்ல. நம்மகிட்ட?”

“நம்மகிட்டன்னா யாரு? தெரிஞ்சாத்தான முறை. யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“அப்ப ஊருல போய்ச் சொல்லு. ரெண்டு ஓலை வாசிச்ச பெறகு கல்யாணம் நின்ன வீட்டுல, ஒன் தங்கச்சிய எவன் எடுப்பான்னு யோசிச்சிட்டுச் சொல்லு.”

யோசித்தாள்.

தங்கைக்குப் பதினாறு வயது. அவளையும் ஒருவன் எடுப்பான். பிடித்திருக்கிறதா என்று அவளிடமும் கேட்க மாட்டார்கள். அவனிடம் என்ன குறை இருந்தாலும் அப்பா அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்.

இந்தப் பக்கத்தின் நகல் ஒன்று வேண்டும் என்று தஸ்நேவிஸிடம் கேட்டாள். நகலுக்குக் குடும்பத் தலைவரின் கையெழுத்து வேண்டும் என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

சாப்பாட்டு நேரம். அவர் ஜன்னல்களைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். ஆணியிலிருந்து சாவியை எடுத்தார்.

“அத எடத்துல வச்சிருங்கம்மா. நாளைக்கும் வேணும்னா வாங்க.”

“நாளைக்கு வர மாட்டா,” என்றாள் அத்தை.

அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலமாரி வரை போனாள். கனமாக இருந்தது.

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டினாள். ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டாள். தஸ்நேவிஸ் வெளியே போய், சாவியோடு, மரியாதையாக ஒதுங்கி நின்றார். அவள் வருவதற்காக.

வெளியே பள்ளிக்கூடம் விட்டிருந்தது. கோயில் வளாகம் முழுக்க ஆட்கள். பிள்ளைகளைக் கூப்பிட வந்த அம்மாக்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். ஒரு கதவு சாத்தினால் ஏன் என்று கேட்காமல் போகாதவர்கள்.

அவள் வாசல் வரை வந்தாள். புத்தகத்தை வைக்கவில்லை.

“ஏட்டி,” என்றாள் அத்தை.

அவள் கதவைச் சாத்தினாள்.

உள்தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தள்ளினாள்.

தாழ்ப்பாள் விழுந்தது.