கை படாத அப்டேட்

எர்மெக் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான். சன்னல் வழியாகப் பார்த்தவர்கள், நாரின் நகரப் பேருந்து அலுவலகத்துக்குள் யாரோ துப்பாக்கியோடு புகுந்துவிட்டதாகவே நினைத்திருப்பார்கள்.

"நல்லாப் பாத்துக்கோங்க சினார் அக்கா. என் கை கீபோர்டு பக்கமே போகாது."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஊருக்குப் போனப்புறம் இது மக்கர் பண்ணுச்சுன்னா, டிக்கெட் கவுன்ட்டர்ல நான்ல திட்டு வாங்கணும்?" என்றாள் கணக்கர் சினார். விடுப்புத் தாளில் முத்திரை குத்தும் அதிகாரம் அவளிடம் இருந்தது.

எர்மெக்கின் பொறுப்பில் இருந்த, டிக்கெட் விற்கும் லினக்ஸ் சர்வருக்கு வெள்ளிதோறும் அப்டேட் ஆக வேண்டும். ஆகாத சர்வரைத் தலைமையகம் அன்றைக்கே துண்டித்துவிடும். இந்தக் காரணத்தாலேயே ஏரிக்கரைத் தேனிலவுக்கான அவன் பெட்டி பலமுறை கட்டப்பட்டு, பலமுறை பிரிக்கப்பட்டது. "அடுத்த வாட்டியும் வரலைன்னா, அந்த சர்வரையே கட்டிக்கிட்டு ஏரிக்குப் போ," என்று மனைவி ஆய்பெரி குளிர்காலத்திலேயே முடிவாகச் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பயந்துதான், வெள்ளி மாலை தேநீர் வேளையில் அப்டேட் தானாகவே நடக்கும்படி அவன் ஒரு நிரல் எழுதி வைத்தான். வசந்தம் முழுக்க ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. ஆனாலும் சினார் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டாள்.

ஏசி உள்ள ஒரே அறை மேலாளர் தோக்தோசுனுடையது என்பதால், சர்வரும் அவர் மேஜையோரம்தான் குடியிருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

"தம்பி கெட்டிக்காரன்மா. அவன் வச்சது வச்சபடி நடக்குது," என்று பரிந்து பேசினார்.

எர்மெக் மேஜைக்கு முதுகைக் காட்டி, சினாரைப் பார்த்துத் திரும்பி நின்றான். "இப்ப ஆரம்பிக்கும். என் கையை மட்டும் பாருங்க!"

சினார் அவன் கைகளையே முறைத்தாள். தோக்தோசுன் முன்னால் சாய்ந்து தேநீர்க் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தார். சர்வரின் விசிறி உறுமியது. திரையில் வரிகள் மளமளவென்று ஓடி, 'வெற்றி' என்று நின்றன.

"அட, நெசமாவே தானா ஓடுது!" என்று சினார் வாயைப் பிளந்தாள்.

எர்மெக் அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டான். "ஆய்பெரி, பெட்டியைக் கட்டு! இங்க இனிமே மனுசனே தேவையில்ல!"

தோக்தோசுனும் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "நானும் கெளம்புறேன். மேய்ச்சல்ல குதிரைங்க குட்டி போட்டிருக்கு. மாசக் கடைசி வரைக்கும் மலையிலதான். அங்க போன்கூட எடுக்காது."

"தாராளமா போயிட்டு வாங்க அண்ணே," என்றான் எர்மெக், உலகத்தையே மன்னித்துவிட்ட குரலில்.

சினார் முத்திரையை மையில் ஒற்றி, விடுப்புத் தாளுக்கு மேலே ஓங்கினாள்.

கதவுவரை போன தோக்தோசுன் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ தம்பி, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அது 'மேல போகலாமா'ன்னு கேட்டு நிக்குமே... நான் இல்லாதப்போ யாரு 'சரி'ன்னு அமுக்குறது?"