யாருக்கு டயப்பர்?

கல்லாவில் இருந்த பெண் டெரிக் நீட்டிய அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது மருத்துவச் செலவுக்கு மட்டும் செல்லுற, வரி பிடிக்காத கார்டாச்சே சார். குழந்தை டயப்பருக்குச் செல்லாது."

"குழந்தைக்கில்லைங்க. சிறுநீரை அடக்க முடியாத பெரியவங்களுக்கு."

"அப்போ செல்லும். வீட்ல யாருக்கு சார்?"

டெரிக் திரும்பிப் பார்த்தான். பின்னால் வரிசையில், அவன் கேப்டனாக இருக்கும் தீயணைப்பு நிலையத்தின் ஆட்கள் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சின்ன ஊர்; பொழுது சாய்வதற்குள் பரவிவிடும்.

"எனக்குத்தான்," என்றான் சத்தமாக.

"கேப்டனோட குழாயே ஒழுகுதாம்டா!" என்றான் அவர்களில் ஒருவன்.

சிரிப்பு வாசல்வரை துரத்தியது.

காரில், இருபது நாள் குழந்தையோடு மனைவி கிர்ஸ்டன் காத்திருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு, சிறுநீர் கசிந்துவிடுமோ என்று அவளுக்கு இருமக்கூடப் பயம்.

"யாருக்குன்னு கேட்டாங்களா?"

"யாரும் எதுவும் கேட்கலம்மா," என்று பையை அவளிடம் கொடுத்தான்.