கூட்டுக்குள்ளிருந்து வந்தவை

கறிவேப்பிலைச் செடியில் பிடித்த புழுவைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, ஆறாம் வகுப்பு ஜன்னலில் வைத்திருந்தாள் ஆசிரியை தமயந்தி. புழு கூடானது. அதிலிருந்து கறுப்புப் பட்டாம்பூச்சி வரும் என்று பலகையில் வரைந்தும் காட்டியிருந்தாள். திங்கட்கிழமை காலை பிள்ளைகள் அலறினார்கள். கூட்டின் விலாவில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை. அதன் வழியே எள்ளைவிடச் சிறிய, பச்சையாய் மின்னும் குளவிகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன.

"டீச்சர், நம்ம பட்டாம்பூச்சி எங்க?" இன்பவல்லி அழுதேவிட்டாள்.

எதையாவது சொல்லிச் சமாளிக்கத்தான் தமயந்தி வாயெடுத்தாள். "எனக்கும் தெரியலடி" என்றுதான் வந்தது.

இன்பவல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "துணி கட்டித்தான வச்சிருந்தோம்? இதுங்க எப்ப உள்ள போச்சு? புழுவா இருந்தப்பவேவா, கூடு கட்டுன பிறகா?"

இத்தனை வருஷம் தமயந்தி பலகையில் எழுதிப்போட்ட கேள்வி ஒன்றுகூட இப்படி உயிரோடு இருந்ததில்லை.

"வாங்க, செடிகிட்டயே போய்ப் பாப்போம்" என்றாள்.

செடியில் கொழுத்த புழு ஒன்று இலையைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் முதுகில் பச்சைப் புள்ளியாக ஒரு குளவி, அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. தமயந்தி தன்னையறியாமல் அதைத் தட்டிவிட விரலை நீட்டினாள். இன்பவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க டீச்சர். என்ன செய்யுதுன்னு பாப்போம்."