மீட்புப் படகு எண் ஏழு

பாஸ்டர் இன்னும் ஜெபத்தை முடிக்கவில்லை.

அமைச்சருக்காக ஜெபித்தார். அமைச்சரின் மனைவிக்காக ஜெபித்தார். சுற்றுலா வாரியத் தலைவர், துணைத்தலைவர் எல்லோரையும் தாண்டிப் பந்தல் போட்டவன் வரைக்கும் வந்துவிட்டார்.

எங்கள் தீவில் கோழிக்கடை கூட ஜெபமில்லாமல் திறப்பதில்லை. இருக்கட்டும். ஆனால் கடல் ஆமென் வரைக்கும் காத்திருக்காது.

எதிரேயுள்ள பெலிக்கன் திட்டுக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள இடைக்கடலைப் போட்டிக்காரர்கள் காலை ஏழரைக்குள் நீந்தி முடித்திருக்க வேண்டும். மணி ஒன்பதரை. நீரோட்டம் திரும்பிவிட்டது. திட்டுப் பக்கம் தண்ணீர் சுருங்கிக் கறுத்துக் கிடந்தது. படகில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்தது.

"போய்ச் சொல்லலாமா கேப்டன்?" என்றான் கோஸ்னல். பதினாலு வருஷமாக என்னோடு வலை இழுப்பவன்.

"யாருகிட்ட? அந்தச் சுற்றுலா வாரியக் கோட்டுக்காரன்கிட்டயா? அவனுக்குக் கடல்னா ஆபீஸ் ஜன்னல்ல தெரியற நீலம்டா."

நாட்டின் முதல் சர்வதேசக் கடல் நீச்சல் போட்டி. முந்நூறு பேர் வருவார்கள் என்று வானொலியில் மூன்று மாதம் கத்தினார்கள். நாற்பத்தொரு பேர் வந்தார்கள். நேரம் காட்டும் பலகை துறைமுகத்துச் சுங்கத்தில் சிக்கிக்கொண்டது. ஓட்டலில் குழாய் வறண்டது. உலகம் சுற்றிய நீச்சல்காரர்கள் வாளித் தண்ணீரில் பல் தேய்த்தார்கள். அமைச்சருக்கான பந்தல் மட்டும் முதல் நாளே வந்து இறங்கியது.

வந்தவர்களும் அப்படியொன்றும் புத்திசாலிகள் இல்லை. கடலைக் கடக்கத்தான் எங்கள் ஆட்கள் படகு கட்டினார்கள். இவர்கள் பாதி உலகத்தைப் பறந்து வந்து, உடம்பெல்லாம் களிம்பைப் பூசிக்கொண்டு, படகுக்குப் பக்கத்தில் நீந்துகிறார்கள்.

மீட்பு வேலைக்கு வெளியிலிருந்து ஆள் கொண்டுவர வழியில்லை. மீன்பிடிக்கிற எங்களைப் பிடித்தார்கள். ஒரு படிவம் கொடுத்தார்கள். படகின் நீளம் என்ன, இஞ்சின் எண் என்ன, போலீஸ் வழக்கு உண்டா, எந்தச் சபை. எல்லாவற்றுக்கும் உண்மையே எழுதினேன்.

மிதவை அங்கி கேட்டோம். அதுவும் சுங்கத்தில்தான் கிடந்தது. ஆரஞ்சு பனியன் வந்தது. முதுகில் பெரிய எழுத்தில் 'மீட்பு', அதன் கீழே 'ஏழு'.

ஆமென். சங்கு ஊதினார்கள். நாற்பத்தொரு பேரும் குதித்தார்கள்.

அரைமணி நேரத்தில் ஆட்கள் வரிசை கலைந்து கிழக்கே இழுபட்டார்கள். கடைசியில் வந்த தாடிக்காரன் கையடிப்பதை நிறுத்தினான். தலை பின்னால் சாய்ந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தமில்லை. முழுகுகிறவன் கத்த மாட்டான்.

பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த பெண்தான் கத்தினாள்.

"குதி! எதுக்கு பாத்துக்கிட்டு நிக்கிற? குதிய்யா!"

கோஸ்னல் என்னைப் பார்த்தான். நான் இஞ்சின் பிடியை விடவில்லை.

படகை அவனுக்கு மேல்நீரில் கொண்டுபோய் நிறுத்தினேன். இஞ்சினை அணைத்தேன். நீரோட்டமே எங்களை அவனிடம் தள்ளியது. தலை ஒருமுறை உள்ளே போனது. வந்தது. மறுபடி போனது. வரவில்லை.

அவன் இடுப்பில் கட்டியிருந்த காற்றுப்பை மட்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தது. கோஸ்னல் படகின் விளிம்பில் வயிற்றை அழுத்திக் கொக்கிக்கழியை நீட்டினான். அவன் கால்கள் இரண்டையும் என் முழங்காலுக்கடியில் போட்டு அமுக்கிக்கொண்டேன். முதல் வீச்சு தப்பியது. இரண்டாவதில் காற்றுப்பையின் வார் மாட்டியது.

பெரிய சூரை மீனை ஏற்றுவதுபோல் ஏற்றினோம். நங்கூரக் கயிற்றின் மேல் கடலைக் கக்கினான். பேச்சு வந்ததும் முதலில் கேட்டான்:

"நீங்க ஏன் குதிக்கல?"

"படகை விட்டு எறங்குறவன் படகோட்டி இல்ல."

ஏதோ வேதவாக்கைக் கேட்டதுபோல் தலையாட்டினான். அந்த நிலைமையிலும் எனக்கு அவனைப் பார்த்தால் எரிச்சலாக வந்தது.

மற்றவர்களை மற்றப் படகுகளிடம் விட்டுவிட்டுத் திரும்பினோம். கரையில் கூட்டம். பாஸ்டர் கையை வானத்துக்குத் தூக்கியிருந்தார். அமைச்சர் முழங்கால் தண்ணீர் வரை ஓடிவந்து, படகிலிருந்து இறங்க விடாமலே என்னைக் கட்டிப்பிடித்தார். கேமராக்காரன் சரியாக நிற்கும்வரை விடவில்லை. பிறகு மேடைக்கு இழுத்துப்போய் மைக்கைப் பிடித்தார்.

"கடல்லயே பொறந்தவங்க இவங்க! தண்ணிதான் இவங்களுக்குத் தொட்டில்! அடுத்த மாசத்துலேர்ந்து நம்ம பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு நீச்சல் வாத்தியார் யாரு தெரியுமா? இதோ, இவருதான்!"

கைதட்டல். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த தாடிக்காரன்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினான். மேடைக்குக் கீழே கோஸ்னல் தலையைக் குனிந்துகொண்டான்.

அமைச்சரின் கால்சட்டை நனைந்து சொட்டியது. என் தலைமுடி காய்ந்தே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"ஒரு வார்த்தை பேசுங்க கேப்டன்" என்று மைக்கை என் வாயருகே நீட்டினார்.

"அடுத்த வருஷமாவது ஜெபத்தைக் கொறைங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்தார். மைக் அமைச்சரிடம் திரும்பிப் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். படிவத்தில் கேட்டிருந்தால் அப்போதே எழுதியிருப்பேன்.

பதினொரு மீட்புப் படகு. படகுக்கு இரண்டு பேர். எங்களில் ஒருவனுக்கும் நீந்தத் தெரியாது.