இரவல் தொண்டை

சிவப்பு விளக்கு அணைந்தது. அவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எட்டு வருஷமாக அந்த ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்கிறவள். லேசில் கலங்குகிற ஆள் இல்லை.

“எனக்கே கோபம் போயிடுச்சு சார்,” என்றாள். “பாவம், மனசு உடைஞ்சுதான் பேசறார்.”

அவனுக்குத் திக்கென்றது.

திரையில் தேவரத்னாவின் முகம் அசையாமல் நின்றது. தெலுங்கில் பெரிய நட்சத்திரம். பதினாலு வருஷமாகத் தமிழில் அவருக்கு இவன்தான் குரல்.

போன வாரம் படப்பிடிப்பில் அவர் ஒரு பெண்ணை அறைந்துவிட்டார். உடை எடுத்துக் கொடுக்கிற தமிழ்ப் பெண். வேறு சட்டையைக் கொண்டுவந்துவிட்டாளாம். இதற்குப் போய் அறைவார்களா? யாரோ செல்போனில் எடுத்து ஊர் பூராவும் பரப்பிவிட்டார்கள். அவளுக்கு இடது காது இன்னும் கேட்கவில்லை.

இன்று மன்னிப்பு வீடியோ. ஒரு நிமிஷம். அவருடைய வேறொரு படம் அடுத்த மாதம் ரிலீஸ், சும்மா இருப்பார்களா? தமிழ்நாட்டுக்கும் வேண்டும் என்று அவருடைய மேனேஜர் விமானம் ஏறி வந்துவிட்டார்.

“ஜெசிந்தா, அவர் பேசினதை அப்படியே ஒரு தடவை போடும்மா.”

போட்டாள்.

அவன் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. தொண்டையைப் பார்த்தான்.

நிஜமாக அழுகை வந்தால் தேவரத்னா வசனத்துக்கு முன்னால் எச்சில் விழுங்குவார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். அதற்கு இடம் விட்டுத்தான் இவன் பேச ஆரம்பிக்க வேண்டும். கட்டின பெண்டாட்டிக்குக்கூட இது தெரிந்திருக்குமோ என்னவோ. இவனுக்குத் தெரியும்.

இதில் அந்தத் தொண்டை அசையவே இல்லை.

‘அந்தச் சகோதரியின் மனம் புண்பட்டிருந்தால்’ என்று மளிகைச் சீட்டு வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டு எழுந்துபோனார் மனிதர்.

விழுங்கியது இவன். பழக்கதோஷம். அந்த முகத்தைப் பார்த்ததும் தன்னால் தொண்டை அடைத்துக்கொண்டுவிட்டது.

“அவர் அழலைம்மா,” என்றான். “நான்தான் அழுதுட்டேன்.”

சோபாவில் இருந்த மேனேஜர் துள்ளி எழுந்தார்.

“அதுதானே சார் வேணும்! பிரமாதம். அதையே அனுப்பிடலாம்.”

“இன்னொரு டேக் போறேன்.”

“எதுக்கு?”

அவன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். மறுபடி மைக் முன்னால் நின்றான்.

டீக்கடையில், ஆட்டோவில், கல்யாணப் பந்தியில், குரலை வைத்தே அவனைப் பிடித்துவிடுவார்கள். ‘அந்த ஸ்டேஷன் சீன் ஒருதரம் சொல்லுங்க சார்.’ ஒரு படத்தில் தேவரத்னா, மகளை ரயிலேற்றிவிட்டுக் கூடவே ஓடுகிற அப்பா. ‘போயிட்டு வாடா கண்ணு.’ அவ்வளவுதான் வசனம். சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் இளகும். அது ஒன்றுக்காகவே பிறந்தோமோ என்றுகூட அவன் நினைத்ததுண்டு.

இப்போது முரண்டு பிடித்தால் அந்த அப்பாவும் கையைவிட்டுப் போய்விடுவார். அது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

விளக்கு எரிந்தது.

தேவரத்னா எப்படிப் பேசினாரோ அப்படியே பேசினான். கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை. உதடு இம்மி பிசகாமல் பொருந்தியது.

முடிந்ததும் ஜெசிந்தா கண்ணாடி வழியே அவனைப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா சார்?”

“இவ்வளவுதான்மா.”

மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. “இது ஆவாது சார். முதல் டேக்கே இருக்கட்டும்.”

“இருக்கட்டும். ஆனா கீழே என் பேரைப் போடுங்க.”

மேனேஜர் சிரித்துவிட்டார். “டப்பிங் பேசறவருக்கு எவன் சார் பேர் போடறான்?”

“மன்னிப்புக் கேட்டது நான்தானே. அவர் கேட்டார்னு எப்படிப் போடுவீங்க? அந்தப் பொண்ணு நம்பிடுமே சார்.”

சிரிப்பு நின்றது. மேனேஜர் செல்போனை எடுத்தார்.

“சரி, வேற ஆள் பார்த்துக்கறோம். படத்துக்கும்தான். யோசிச்சுக்குங்க.”

“யோசிச்சுட்டேன்.”

கதவு சாத்திக்கொண்டது. வெளியே அவர் யாரிடமோ தெலுங்கில் வேகமாகப் பேசுவது கேட்டது.

பதினாலு வருஷம்! அவன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான். ஜெசிந்தா ஒரு டம்ளர் தண்ணீரோடு உள்ளே வந்தாள்.

“அப்போ அந்த ஸ்டேஷன் அப்பாவும் பொய்யா சார்?” கிட்டத்தட்டச் சண்டைக்கு வருகிற மாதிரிக் கேட்டாள். “எங்கப்பா செத்தப்ப நான் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.”

“பொய்யில்லம்மா. அங்க அவர்தான் முதல்ல விழுங்கினார். நான் பின்னாடியே போனேன், அவ்வளவுதான். அது நிஜம்.”

தண்ணீரைக் குடித்தான்.

“அடிச்சதும் நிஜம்மா.”

அவள் தலையாட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“முதல் டேக்கை அழிச்சிடவா? மேனேஜர் திரும்ப உள்ள வந்தா வாங்கிட்டுப் போயிடுவார்.”

அவனுக்கு உடனே சரி என்று சொல்ல வரவில்லை. வாழ்நாளில் அவன் பேசியதிலேயே நல்ல டேக் அது.

“ஒரு தடவை கேட்டுக்கறேன். அப்புறம் அழிச்சிடு.”

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

“படம் வேண்டாம்மா. குரல் மட்டும் போடு.”

திரை கறுத்தது. யாரோ ஒருவர், எச்சிலை விழுங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார்.